வெளிநாட்டில் கார்டு கொடுத்த பிறகு பில் ஏன் கூடுகிறது? வகுத்துப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு கடை. கைக்கடிகாரத்தின் விலை 186.40 வெள்ளி. அங்குள்ள தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். கடையில் நின்றபடியே கைபேசியில் கூகுளைக் கேட்டால் ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்கிறது. மனக்கணக்கில் 12,116 ரூபாய். சரி என்று கிரெடிட் கார்டை நீட்டியாயிற்று. ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து ஸ்டேட்மென்ட் வருகிறது. கடையின் பெயருக்கு எதிரே 12,153.28. நான்கைந்து வரி தள்ளி, எதற்கென்றே புரியாத ஒரு சுருக்கெழுத்துக்கு எதிரே 425.36. அதற்குக் கீழே 76.56. கூட்டினால் 12,655.20. கூகுள் சொன்னதைவிட 539 ரூபாய் 20 காசு அதிகம்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "வெளிநாடு என்றால் அப்படித்தான்" என்று கட்டிவிடுகிறார்கள், அல்லது வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துச் சண்டை போடுகிறார்கள். அதற்கு முன்பு ஒரே ஒரு வகுத்தல் கணக்குப் போட்டால் போதும்; கூடுதல் பணம் எங்கே போனது என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். (இங்கே வரும் மாற்று விலைகள் எல்லாம் கணக்கை விளக்க நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் நாளின் விலை வேறாக இருக்கும்; முறை மாறாது.)

முதல் படி: மூன்று எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்

முதலாவது, கடைக்காரர் கொடுத்த சீட்டில் உள்ள வெளிநாட்டுத் தொகை. இரண்டாவது, அந்த ஒரு பொருளுக்காக ஸ்டேட்மென்ட்டில் விழுந்த எல்லா ரூபாய் வரிகளின் கூட்டுத்தொகை. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். வங்கி வாங்குகிற கட்டணமும் அதன் மீதான ஜிஎஸ்டியும் கடையின் பெயரோடு ஒட்டி வரும் என்ற உறுதி இல்லை. சில வங்கிகள் தனி வரியாகப் போடுகின்றன. பில் தேதிக்கு முந்தைய நாள் வாங்கிய பொருள் என்றால், பொருளின் விலை இந்த மாத ஸ்டேட்மென்ட்டிலும் கட்டணம் அடுத்த மாதத்திலும் வரக்கூடும். தலையும் வாலும் இல்லாமல் 425.36 என்று ஒரு தொகை நிற்பதைப் பார்த்துப் பதறியவர்களில் பாதிப்பேர் போன மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது எண், விசா அல்லது மாஸ்டர்கார்டு அன்றைக்கு வைத்திருந்த மாற்று விலை. கார்டின் மூலையில் எந்தச் சின்னம் இருக்கிறதோ அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போனால் நாணய மாற்றுக் கணிப்பான் இருக்கும். யாரும் பார்க்கலாம், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. தேதியையும் நாணயத்தையும் கொடுத்து, வங்கிக் கட்டணம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போடுங்கள். கூகுள் காட்டுவது சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள எண். அந்த விலைக்கு நமக்கு யாரும் மாற்றித் தரப்போவதில்லை. ஆகவே கூகுள் எண்ணைக் காட்டி வங்கியிடம் வாதாடினால் முதல் நிமிடத்திலேயே தோற்றுவிடுவோம்.

தேதியில் ஒரு சிக்கல் உண்டு. நாம் கார்டைக் கொடுத்த நாள் வேறு. கடைக்காரரின் வங்கி கணக்கை அனுப்பி, அது நம் கணக்கில் பதிவான நாள் வேறு. இடையில் இரண்டு மூன்று நாள் ஓடிவிடலாம். ஹோட்டல்களில் இன்னும் அதிகம். மாற்று விலை பல நேரங்களில் கணக்கு வந்து சேர்ந்த நாளின் விலையாக இருக்கும். எனவே வாங்கிய நாளோடு நிறுத்தாமல் அடுத்த மூன்று நாள்களின் விலையையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கிய உடனே கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் ரூபாய்த் தொகை இருந்தால் அது உத்தேசம்தான். முடிவான கணக்கு அதுவல்ல.

இரண்டாம் படி: வகுத்துப் பாருங்கள்

12,655.20 ரூபாயை 186.40 வெள்ளியால் வகுத்தால் 67.89. அதாவது ஒரு வெள்ளிக்கு நாம் உண்மையில் கொடுத்தது 67 ரூபாய் 89 காசு. அன்றைக்கு விசா வைத்திருந்த விலை 65.20 என்று கொள்வோம். 67.89-ஐ 65.20-ஆல் வகுத்தால் 1.0413 வருகிறது. நாம் கொடுத்தது 4.13 சதவீதம் அதிகம்.

இந்த 4.13 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பல கிரெடிட் கார்டுகள் அந்நியச் செலாவணிச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப் கட்டணம் வாங்குகின்றன. அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி. பொருளின் விலை மீது அல்ல, கட்டணத்தின் மீது மட்டும். 3.5-இல் 18 சதவீதம் 0.63. இரண்டையும் கூட்டினால் 4.13. நம் ஸ்டேட்மென்ட்டுக்குத் திரும்பினால் 12,153.28-இல் 3.5 சதவீதம் 425.36, அதில் 18 சதவீதம் 76.56. காசு பிசகாமல் பொருந்துகிறது. ஆக, 539.20-இல் 501.92 ரூபாய் கட்டணமும் வரியும், மீதி 37.28 மட்டுமே கூகுள் விலைக்கும் விசா விலைக்கும் உள்ள வித்தியாசம். இதில் மோசடி எதுவும் இல்லை.

உங்கள் கணக்கில் 2.36 வந்தால் கார்டின் மார்க்கப் 2 சதவீதம் என்று பொருள். ஒரு சதவீதத்துக்கும் கீழே என்றால் பெரும்பாலும் தேதி வித்தியாசம்தான். முன்பே குறித்து வைத்த அடுத்தடுத்த நாள்களின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எங்காவது சரியாக உட்காரும். மார்க்கப் எவ்வளவு என்பதைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, கார்டோடு வந்த முக்கிய நிபந்தனைகள் என்ற ஆவணத்தைத் திறந்து பாருங்கள். அதன் கட்டண அட்டவணையில் இருக்கும். அந்த ஆவணத்தைப் படிக்காமல் வீசிவிடுவது நம் தேசிய வழக்கம். வங்கியின் இணையதளத்தில் மறுபடியும் கிடைக்கும்.

ஐந்தைத் தாண்டினால், அல்லது எந்தக் கட்டணத்தோடும் பொருந்தாமல் நின்றால், கீழே வருகிற காரணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

"ரூபாயிலேயே எடுத்துக்கொள்ளட்டுமா?"

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். கடைக்காரர் கார்டு மெஷினை நம் பக்கம் திருப்புவார். திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் 412 வெள்ளி, மற்றதில் 28,016 ரூபாய். நம் ஊர்க் காசு, பழகிய எண். விரல் தானாக ரூபாயின் பக்கம் போகும். சில இடங்களில் நம்மைக் கேட்காமலே ஊழியர் ரூபாயை அழுத்திவிட்டுச் சீட்டை மட்டும் நீட்டுவதும் உண்டு.

ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் நாணயத்தை மாற்றுவது விசாவோ மாஸ்டர்கார்டோ அல்ல. கடைக்காரரின் வங்கியும் அதோடு சேர்ந்த நிறுவனமும் தாங்களே ஒரு விலை வைத்து மாற்றுகின்றன. அந்த லாபத்தில் கடைக்காரருக்கும் பங்கு போவதுண்டு. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 28,016-ஐ 412-ஆல் வகுத்தால் 68 ரூபாய். விசா விலை 65.20. சரி, ரூபாயில் கட்டிவிட்டோமே, நம் வங்கியின் மார்க்கப்பாவது மிச்சம் என்று நினைத்தால் அங்கேயும் ஒரு கட்டணம் காத்திருக்கிறது. வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் எடுத்த தொகைக்கென்று பல இந்திய வங்கிகள் 1 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் வாங்குகின்றன. 28,016-க்கு 280.16, அதற்கு வரி 50.43. மொத்தம் 28,346.59.

அதே 412 வெள்ளியை வெள்ளியிலேயே கொடுத்திருந்தால்? 65.20 வீதம் 26,862.40. மார்க்கப் 3.5 சதவீதக் கார்டு என்றால் எல்லாம் சேர்த்து 27,971.82, மிச்சம் 375 ரூபாய். 2 சதவீதக் கார்டு என்றால் 27,496.35, மிச்சம் 850 ரூபாய். மார்க்கப்பே இல்லாத கார்டு வைத்திருந்தும் ரூபாயை அழுத்தியவர் விட்டது 1,484 ரூபாய். மார்க்கப் இல்லாத கார்டைத் தேடிப் பிடித்து வாங்கியவர்தான் இந்தத் திரையில் அதிகம் இழக்கிறார்.

இந்த வலையில் விழுந்தோமா என்று ஸ்டேட்மென்ட்டில் கண்டுபிடிப்பது சுலபம். வெளிநாட்டுக் கடையின் பெயர் இருக்கும். பக்கத்தில் வெளிநாட்டு நாணயத் தொகை இருக்காது, ரூபாய் மட்டும் இருக்கும். கடைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாற்று விலையும், "எனக்கு நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு தரப்பட்டது" என்ற பொருளில் ஒரு வாக்கியமும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். கடையை விட்டு வெளியேறும் முன் கவனித்தால் அந்தப் பரிவர்த்தனையை ரத்து செய்து உள்ளூர் நாணயத்தில் மறுபடி போடச் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படி மாற்றித் தருபவர்கள், ஐரோப்பிய மத்திய வங்கியின் விலையைவிடத் தாங்கள் எத்தனை சதவீதம் கூட்டியிருக்கிறோம் என்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. எண்ணைக் கண்ணில் காட்டினாலும் அழுத்துகிறவர்கள் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏடிஎம் மெஷினும் இதே கேள்வியைக் கேட்கும், இன்னும் பயமுறுத்துகிற மாதிரி. "மாற்று விலையை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா?" மறுத்தால் பணம் வராதோ என்று தோன்றும். வரும். மறுப்பது மாற்று விலையை மட்டும்தான். பணம் உள்ளூர் நாணயக் கணக்கில் எடுக்கப்படும்.

வீட்டிலிருந்தே இதில் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. இணையதளம் விலையை ரூபாயில்தான் காட்டுகிறது, கட்டியதும் ரூபாயில்தான், ஆனாலும் ஸ்டேட்மென்ட்டில் வெளிநாட்டுக் கட்டணம் விழுந்திருக்கிறது. காரணம், அந்த நிறுவனம் பணம் வாங்குகிற கணக்கு வெளிநாட்டில் பதிவானது. ஹோட்டல் முன்பதிவுத் தளங்களிலும் மென்பொருள் சந்தாக்களிலும் இதை அடிக்கடி பார்க்கலாம். உங்கள் வங்கியின் கட்டணம் 1 சதவீதம் என்றால், வகுத்துப் பார்க்கும்போது உபரி 1.18 சதவீதம் வரும்.

மாதச் சந்தாவில் ஒளிந்திருக்கும் வரி

மாதம் 10 டாலர் என்று விளம்பரம். டாலர் 88 ரூபாய் என்றால் 880 வர வேண்டும். வந்ததோ 1,081.28. உபரி 23 சதவீதம். எந்த மார்க்கப்பும் இவ்வளவு போகாது. வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் உள்ளவர்களுக்கு இணையம் வழியாக விற்கிற சேவைகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் அந்த வரையறையை இன்னும் விரிவாக்கினார்கள். ஆக 10 டாலர் 11.80 டாலராகி, 1,038.40 ரூபாயாகிறது. அதன்மேல் மார்க்கப் 36.34, அதற்கு ஜிஎஸ்டி 6.54. ஜிஎஸ்டி இரண்டு முறை வந்திருக்கிறதே என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஒன்று சேவைக்கு, மற்றது வங்கியின் கட்டணத்துக்கு.

வகுக்கும்போது விளம்பர விலையால் வகுக்காமல் நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பும் ரசீதில் உள்ள தொகையால் வகுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. அமெரிக்கக் கடைகளிலும் இதே கதை. அலமாரியில் ஒட்டிய விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது; பில் போடும்போதுதான் சேரும்.

கடையே தொகையை மாற்றியிருந்தால்

அமெரிக்க உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் கார்டை வாங்கிப்போய் 46 டாலருக்கு அனுமதி எடுப்பார்கள். பிறகு வருகிற சீட்டில் நாம் டிப்ஸ் 9 டாலர் என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். குறுஞ்செய்தி 46 என்று வந்திருக்கும். ஸ்டேட்மென்ட்டில் 55 இருக்கும். எழுதியதை மறந்துவிட்டு வங்கியிடம் புகார் செய்கிறவர்கள் உண்டு. எழுதிய சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. 9 என்று எழுதியது 19 ஆகப் பதிவானால் அந்தப் படம்தான் சாட்சி.

ஹோட்டல், வாடகைக் கார், பெட்ரோல் பங்க் மூன்றிலும் இன்னொரு வழக்கம். சேதத்துக்கும் பாக்கிக்கும் முன்ஜாக்கிரதையாக ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். அமெரிக்காவில் பெட்ரோல் போடும் முன்பே 100 டாலருக்கும் மேல் நிறுத்தி வைக்கும் பங்குகள் இருக்கின்றன. நாம் போட்டதோ 30 டாலர். நிறுத்தி வைத்த தொகை செலவு அல்ல. சில நாள்களில் விலகிவிடும். ஸ்டேட்மென்ட்டில் பெரும்பாலும் வராது. ஆனால் அதுவரை கார்டின் வரம்பு குறைந்திருக்கும். டெபிட் கார்டைக் கொடுத்திருந்தால் நம் சேமிப்புப் பணமே முடங்கிக் கிடக்கும். அதனால்தான் ஹோட்டல் கவுன்டரில் டெபிட் கார்டை நீட்டாதீர்கள் என்கிறேன்.

ஒரே ஆர்டர் இரண்டு மூன்று தொகைகளாக வந்தால், பொருள்களைத் தனித்தனியாக அனுப்பியிருப்பார்கள். ஆர்டர் பக்கத்தில் பார்சல் வாரியாகக் கூட்டினால் சரியாகிவிடும்.

எழுத்தும் புள்ளியும்

டாலர் குறி ஒன்றுதான், டாலர்கள் பல. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாருக்கும் அதே குறி. ஸ்டேட்மென்ட்டில் நாணயத்தின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். அதைத்தான் நம்ப வேண்டும். ஜப்பானிய யென்னில் காசு என்பதே கிடையாது. 12,800 என்றால் முழுசாகப் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு யென். குவைத் தினாரில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் வரும், 4.250 என்பது நாலேகால் தினார், நாலாயிரத்து இருநூற்று ஐம்பது அல்ல. ஜெர்மானியச் சீட்டுகளில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறியிருக்கும். 1.250,00 என்று பார்த்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ.

திருப்பிக் கொடுத்த பொருள், முழுதாகத் திரும்பாத பணம்

120 டாலருக்கு ஒரு காலணி. வாங்கிய நாளில் டாலர் 88.40, 10,608 ரூபாய். அளவு பொருந்தாமல் திருப்பி அனுப்பினோம். கடைக்காரர் நேர்மையாக 120 டாலரையும் திருப்பிவிட்டார். ஆனால் அந்த நாளில் டாலர் 87.10; நமக்கு வந்தது 10,452. மாற்று விலையிலேயே 156 ரூபாய் போயிற்று. வாங்கியபோது கட்டிய மார்க்கப் 371.28, அதன் ஜிஎஸ்டி 66.83, பல வங்கிகள் இவற்றைத் தாமாகத் திருப்பித் தருவதில்லை. மொத்தம் 594 ரூபாய், ஒரு நாளும் போடாத காலணிக்கு. டாலர் ஏறியிருந்தால் சிறு லாபமும் கிடைக்கலாம். அப்போது யாரும் வங்கியை அழைத்துக் கேட்பதில்லை. மார்க்கப்பைத் திருப்பித் தர முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். நிபந்தனைகளில் மறுப்பு இல்லாவிட்டால் சில சமயம் தருகிறார்கள்.

கிரெடிட் கார்டில் வெளிநாட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தவர்களுக்கு இந்த வகுத்தல் எதுவும் உதவாது. பணம் எடுப்பதற்குத் தனிக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, மார்க்கப், எடுத்த நாளிலிருந்தே வட்டி, சில இடங்களில் அந்த ஏடிஎம்மின் கட்டணம் என்று ஐந்து அடுக்கு. உயிர் போகிற அவசரம் இருந்தாலொழிய எடுக்க வேண்டாம்.

டிசிஎஸ் (பணம் கட்டும்போதே வங்கி வசூலிக்கும் வருமான வரி) பயம் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்யும் செலவைத் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்துக்குள் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டம்) கொண்டுவர 2023 மே மாதம் அறிவிப்பு வந்தது. ஜூன் 28 அன்று நிதி அமைச்சகம் அதைத் தள்ளிவைத்தது. டெபிட் கார்டும், முன்கூட்டியே வெளிநாட்டு நாணயம் நிரப்பி எடுத்துப்போகும் ஃபாரெக்ஸ் கார்டும் அந்தத் திட்டத்துக்குள் வருபவை; அவற்றுக்கும் நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் டிசிஎஸ். அந்த வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 7 லட்சத்திலிருந்து உயர்ந்தது.

எதிலும் பொருந்தவில்லை என்றால்

கடையின் பெயர் தெரியாததாலேயே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். பெயர்ப்பலகையில் ஒரு பெயரும் கார்டு கணக்கில் நிறுவனத்தின் வேறு பெயரும் இருப்பது சாதாரணம். தேதியையும் ஊரையும் தொகையையும் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். அப்படியும் அது உங்களுடையது இல்லை என்று தெரிந்தால் அதே நிமிடம் செயலியில் கார்டை முடக்குங்கள். பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு நம் பக்கமும் வங்கியின் பக்கமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து, வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாள்களுக்குள் நாம் தெரிவித்துவிட்டால் நமக்குப் பொறுப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாள் ஆகிவிட்டால் ஒரு வரம்பு வரை நாம் ஏற்க வேண்டும். ஸ்டேட்மென்ட் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த மூன்று நாள் எப்போதோ முடிந்திருக்கும். குறுஞ்செய்தியைப் பார்க்கும்போதே கேள்வி கேட்க வேண்டும்.

மோசடி இல்லை, தொகைதான் தவறு என்றால் தொலைபேசியை நம்பாமல் எழுத்தில் கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"இந்தத் தேதியில் இந்தக் கடையில் 186.40 சிங்கப்பூர் டாலருக்குப் பொருள் வாங்கினேன். சீட்டு இணைத்துள்ளேன். என் கார்டின் மார்க்கப் 3.5 சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்த்தால் 12,655.20 ரூபாய் வர வேண்டும். 13,402 ரூபாய் பதிவாகியிருக்கிறது. பதிவு செய்த தேதி, அன்று எடுத்துக்கொண்ட மாற்று விலை, கட்டணங்களின் பிரிவு ஆகியவற்றைத் தெரிவிக்கவும். வித்தியாசமான தொகையை நான் ஏற்கவில்லை."

"பில் அதிகமாக வந்திருக்கிறது" என்று எழுதினால் அச்சடித்த பதில் வரும். மாற்று விலை என்ன, எந்தத் தேதி என்று கேட்டால் யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கார்டு விதிகளின்படி, பில்லை மறுத்தால் வங்கி 30 நாள்களுக்குள் விளக்கமும், தேவையான இடத்தில் ஆவணச் சான்றும் தர வேண்டும். மோசடி என்று மறுத்த தொகைக்கு, முடிவு தெரியும் வரை கட்டணம் விதிக்கக் கூடாது. மறுக்காத மீதித் தொகையைக் கடைசித் தேதிக்குள் கட்டிவிடுங்கள். கோபத்தில் முழு பில்லையும் நிறுத்தினால் வட்டி நம் தலையில் விழும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். புகாரை ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வங்கி கொடுத்த புகார் எண்ணையும் கடைச் சீட்டின் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வெயிலில் அச்சு மங்கிவிடுகிற தாள் அது. ஊர் திரும்பும் முன்பே படம் எடுத்திருந்தால்தான் அன்றைக்கு எண்கள் தெரியும்.